சின்ன வயசுல த்ரீ விழுது, கடைசி வரைக்கும் நிக்குமா? மலையகப் பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டன் பக்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்குகிறேன். வலயப் போட்டி முடிந்த கையோடு பெற்றோரும் பிள்ளைகளும் மற்ற ஆசிரியர்களும் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். பஸ் ஹோல்ட்டில் கேட்பார்கள், கொழுந்து மடுவத்தடியில் கேட்பார்கள், இரவு வாட்ஸ்அப்பிலும் கேட்பார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். என் நம்பிக்கை இது: ஒழுங்காகப் பழகிய கை சுலபத்தில் போகாது. சூட் எடுக்க, அதாவது வளையத்துக்குப் பந்தைப் போட, கிடைக்கும் இடமும் நேரமும்தான் போய்விடுகின்றன. அவற்றைக் காப்பாற்றத் தெரிந்த பிள்ளை நிலைக்கும்.

"சூட்டர்"னு யாரைச் சொல்றாங்க? டீம்ல எல்லாரும்தானே போடுறாங்க?

போடலாம். ஆனால் தூரத்தில் நின்று, பந்து கைக்கு வந்ததும் தயங்காமல் போடுவதற்கென்று அணி நம்பி வைத்திருக்கும் ஆள்தான் சூட்டர். வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சர்வதேச விதிப்படி 6.75 மீட்டர் வளைகோட்டுக்கு வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி, அதைத்தான் த்ரீ என்கிறோம். இரண்டு ஓரங்களிலும் அந்தத் தூரம் 6.60 மீட்டர். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏயில் கோடு இன்னும் தள்ளி, 7.24 மீட்டரில் இருக்கிறது.

உங்கள் பாடசாலைக் கோர்ட்டில் கோடு எப்போது போட்டது என்று ஒருதடவை நாடா வைத்து அளந்து பாருங்கள். 2010க்கு முந்திய விதியில் அது 6.25 மீட்டர். பழைய கோட்டில் பழகிய பிள்ளை போட்டிக்குப் போனால் அரை மீட்டர் தள்ளி நின்று போட வேண்டிவரும். அந்த அரை மீட்டரில் கால் பலம் போதாமல் பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பும்.

எங்க மகன் இந்த சீசன்ல பாதிக்குப் பாதி த்ரீ போட்டான். இது திறமையா, சும்மா வாய்ச்சதா?

இரண்டும் கலந்திருக்கும். எது எவ்வளவு என்று ஒரு சீசனை வைத்துச் சொல்ல முடியாது. கணக்கைப் பாருங்கள். ஒரு பிள்ளையின் உண்மையான திறன் மூன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பாடசாலைச் சீசனில் அவனுக்கு 24 த்ரீ போடக் கிடைக்கிறது. நியாயப்படி 8 விழ வேண்டும். ஆனால் அதே திறன் உள்ள ஏழு பிள்ளைகளை நிறுத்தினால், அவர்களில் சராசரியாக ஒருவனுக்கு 11 அல்லது அதற்கு மேலே விழும். இன்னொருவனுக்கு 5 அல்லது அதற்குக் கீழே விழும். முதல் பிள்ளையை 46 வீதம் என்று தோளில் தூக்குவோம். மற்றவனை 21 வீதம் என்று பெஞ்சில் உட்கார வைப்போம். இருவரும் ஒரே தரம்.

அதே பிள்ளை 240 சூட் போட்டால் இந்த இடைவெளி சுருங்கிவிடும். பெரும்பாலும் 30க்கும் 37க்கும் இடையில் வந்து நிற்கும். இதைச் சொல்வது பிள்ளையின் சந்தோஷத்தைக் குறைக்க அல்ல. அடுத்த சீசனில் எண் இறங்கும்போது வீட்டில் யாரும் அவனைக் குற்றவாளி போலப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான்.

அப்ப எதை வச்சு நம்புறது?

ஃப்ரீ த்ரோவை, அதாவது எதிரணியின் தவறுக்காகக் கோட்டில் நின்று போடக் கிடைக்கும் சூட்டைப் பாருங்கள். அங்கே தடுப்பவர் இல்லை, தூரம் மாறுவதில்லை. கை எப்படி இருக்கிறது என்பதை அது நேராகக் காட்டும். என்பிஏ வரலாற்றிலேயே அதிக த்ரீ போட்ட ஸ்டீபன் கரியின் ஃப்ரீ த்ரோ ஏறக்குறைய 91 வீதம். ஆட்டத்தில் த்ரீ நிறைய விழுந்தும் ஃப்ரீ த்ரோவில் பாதிகூட விழாத பிள்ளை என்றால், அந்தச் சீசன் கொஞ்சம் வாய்த்த சீசன் என்றே நினைக்கிறேன். ஃப்ரீ த்ரோ நன்றாகவும் த்ரீ குறைவாகவும் இருந்தால் பொறுமையாக இருங்கள், அந்தக் கை வரும்.

அடுத்தது, தவறும் பந்து எங்கே தவறுகிறது என்று கவனியுங்கள். நல்ல கையின் தவறுகள் நேர்கோட்டில் இருக்கும். கொஞ்சம் குறையும் அல்லது கொஞ்சம் கூடும். இடமும் வலமுமாகச் சிதறினால் கையிலோ பாதம் நிற்கும் விதத்திலோ திருத்த வேலை இருக்கிறது. இதைக் கவனிக்க அனுபவம் தேவையில்லை. வளையத்துக்கு நேரே பின்னால் நின்று பத்து நிமிடம் பார்த்தால் அம்மாவுக்கும் தெரியும்.

போன வருசம் விழுந்தது, இந்த வருசம் விழவே இல்ல சேர். கை போயிருச்சா?

அநேகமாக இல்லை. மேலே சொன்ன 24 சூட் கணக்கே பாதி பதில். மீதிக்கு, போன வருடம் அவன் எப்படிச் சூட் எடுத்தான் என்று கேளுங்கள். யாருக்கும் தெரியாத பிள்ளையாக ஓரத்தில் நின்றான், பந்து வந்தது, போட்டான். இந்த வருடம் எதிரணி சேர் முதல் நிமிடத்திலேயே "அந்த எட்டாம் நம்பரை விடாதே" என்று கத்துகிறார். ஒருத்தன் கூடவே ஓடுகிறான். பந்து வந்தால் கண்ணுக்கு முன்னால் கை நிற்கிறது. அவசரத்தில், ஓட்டத்தில், ஒரு காலில் நின்று போடுகிறான். கை மாறவில்லை, கிடைக்கும் சூட்டின் தரம்தான் மாறியிருக்கிறது.

ஒரு காரியம் செய்யுங்கள். போனில் ஒரு மாச்சை எடுத்து, அவன் போட்ட ஒவ்வொரு த்ரீக்கும் பாதம் இரண்டும் ஊன்றியிருந்ததா, தடுப்பவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தானா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சும்மா நின்று போட்டது குறைந்து, நெருக்கடியில் போட்டது கூடியிருந்தால் கை அப்படியேதான் இருக்கிறது. பந்து வருமுன் ஓடி இடம் பிடிக்க, தடுப்பவனை மறித்து நின்று ஸ்கிரீன் போடும் தோழனின் தோளை உரசித் திரும்ப, வாங்கும்போதே பாதத்தை நேராக்க அவன் பழக வேண்டும். சூட்டருக்கு இரண்டாம் வருடத்துப் பாடம் முழுக்கக் காலில்தான் இருக்கிறது.

நெஞ்சுல இருந்து தள்ளித்தான் போடுறான். ஆனா விழுதே. எதுக்கு மாத்தணும்?

இப்போது விழுவதால்தான் மாற்றுவதைப் பற்றிப் பேச வேண்டும். சின்னப் பிள்ளைக்குக் கை பலம் போதாது. ஆண்களின் பந்து 580 முதல் 620 கிராம் வரை இருக்கிறது. அதனால் நெஞ்சிலிருந்தோ இடுப்பிலிருந்தோ தள்ளுகிறான். தடுக்க ஆளில்லாதபோது அது போதும். எதிரே உயரமான ஒருவன் வந்து நின்றால் அந்தச் சூட்டை எடுக்கவே முடியாது.

இன்னொரு காரணம் பந்து இறங்கும் கோணம். வளையத்தின் உள் அகலம் 45 சென்ரிமீட்டர், பந்தின் அகலம் சுமார் 24. பந்து 45 பாகையில் சரிந்து இறங்கினால், அதன் பார்வைக்கு வளையம் ஏறத்தாழ 32 சென்ரிமீட்டர் திறந்திருக்கும். தட்டையாக 35 பாகையில் வந்தால் 26 சென்ரிமீட்டர்கூட இல்லை. ஒரு விரல்கூட நுழையாத இடைவெளிதான் மிச்சம். நெஞ்சிலிருந்து தள்ளும் சூட் பெரும்பாலும் தட்டையாகத்தான் போகும்.

கரியும் உயர்தரப் பாடசாலை வயதில் இடுப்புப் பக்கத்திலிருந்துதான் போட்டார். அவருடைய அப்பா டெல் கரியும் என்பிஏ சூட்டர். மகனின் சூட்டைத் தலைக்கு மேலே கொண்டுபோக ஒரு கோடை விடுமுறை முழுவதும் செலவிட்டார். அந்தக் காலத்தில் கரியால் தூரத்திலிருந்து போடவே முடியவில்லை. ஆகவே மாற்றுவதானால் போட்டிகள் இல்லாத மாதங்களில், வளையத்துக்குக் கிட்ட நின்று தொடங்குங்கள். சீசன் நடுவே கை வைக்காதீர்கள். இரண்டும் இல்லாமல் போகும்.

ஒரே வருசத்துல நெடுநெடுன்னு வளந்துட்டான். அதுக்கப்புறம்தான் சூட் கெட்டுச்சு.

கெடும். கையும் காலும் நீண்டுவிட்டன, பழைய அளவுக்குப் பழகிய தசை இன்னும் புதிய அளவைப் பிடிக்கவில்லை. தூரத்தைக் குறைத்து, சூட் எண்ணிக்கையைக் குறைத்து, சில மாதம் விடுங்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டில் வலி என்று சொன்னால் தாரிலும் சீமெந்திலும் குதிக்க விடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். வளரும் வயதில் அது பரவலாக வருவதுதான். நடிக்கிறான் என்று ஓட வைக்காதீர்கள்.

சூட் மட்டும் நல்லா இருந்தா போதுமா? வேற ஒண்ணும் வராட்டியும்?

இந்தப் பக்கத்தில் எனக்கு முக்கியமான கேள்வி இதுதான். மூன்று பேரைப் பார்ப்போம். மூவரும் என்பிஏயில் சூட்டுக்காகவே இடம் பெற்றவர்கள்.

ஜேசன் கபோனோ 2007, 2008 இரண்டு வருடமும் என்பிஏயின் த்ரீ போடும் போட்டியை வென்றவர். அந்த இரு சீசனிலும் லீக்கிலேயே சிறந்த த்ரீ வீதம் அவருடையது. முதலாவதில் 51.4 வீதம். அப்படிப்பட்டவருக்கு 2012க்குப் பிறகு என்பிஏயில் இடமில்லை. வயது முப்பத்தொன்று. கை மறந்துவிடவில்லை. அவரை வைத்துக்கொண்டால் மற்ற இடங்களில் அணி எவ்வளவு இழக்கிறது என்று பயிற்சியாளர்கள் பார்க்கத் தொடங்கினார்கள். கைல் கோவர், அணிகள் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் 2003 தெரிவில் 51ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். 2009-10இல் 53.6 வீதம் போட்டு லீக்கின் சாதனையை வைத்தார். அதற்குப் பிறகும் பத்து வருடம் ஆடினார். 2015இல் 33 வயதில்தான் முதல்முறை ஆல் ஸ்டார் ஆனார், அதாவது அந்த வருடத்துச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராகத் தெரிவானார். அவர் ஓடிக்கொண்டே இருப்பார். பந்தில்லாமல் ஓடும் அவரை விட முடியாமல் இரண்டு பேர் பின்னால் போவார்கள், நடுவில் மற்றவர்களுக்கு வழி திறக்கும். தடுப்பிலும் தன் இடத்தை விட்டு விலகமாட்டார்.

உங்கள் கேள்விக்கு மிகக் கிட்டிய ஆள் டங்கன் ராபின்சன். எந்த அணியும் தெரிவு செய்யாமல் 2018இல் மயாமி அணிக்கு வந்தவர். 2019-20இல் 270 த்ரீ, 44.6 வீதம். 2021இல் ஐந்து வருடத்துக்கு 90 மில்லியன் டொலர் ஒப்பந்தம். அதற்குப் பிறகு 37.2, அதற்கடுத்த சீசன் 32.8. ஆடும் ஆட்களின் பட்டியலிலிருந்தே வெளியே போனார். ஆனால் 2023 பிளேஓஃபில், அதாவது சீசன் முடிவுச் சுற்றில், மறுபடியும் தேவைப்பட்டார், 2023-24இல் 39.5 வீதத்துக்கு ஏறினார். நடுவில் அவர் பழகியது வேறு ஒன்று: தடுப்பவன் மேலே விழுந்து நெருக்கினால் பந்தைத் தட்டிக்கொண்டு அவனைத் தாண்டி உள்ளே போய், தானே போடுவது அல்லது தோழனுக்குக் கொடுப்பது. உள்ளே போகக்கூடியவன் என்று தெரிந்ததும் தடுப்பவன் அரை அடி பின்வாங்குகிறான். சூட்டருக்கு அந்த அரை அடிதான் சோறு.

அதனால் என் பதில்: சூட் முதல் வாசல். உள்ளே தங்குவதற்கு இன்னும் ஒன்று வேண்டும். பத்துத் திறமை வேண்டாம், ஒன்று போதும். தடுப்பில் அணிக்குப் பாரமாக இல்லாமல் நிற்பதும், பந்தை ஒரே ஒரு தடவை தட்டித் தாண்டிப் போவதும் நம் பிள்ளைகளால் முடிந்தவை.

எங்க புள்ள உயரம் பத்தாது. எவ்வளவு தூரம் போகலாம்?

உயரம் குறைந்த பிள்ளைக்குத் திறந்திருக்கும் நல்ல வழிகளில் சூட்டிங் ஒன்று. ஆனால் பந்து கைக்கு வந்து புறப்படும் நேரம் சுருங்கியிருக்க வேண்டும். பந்து வருமுன்பே முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், கை விரிந்திருக்க வேண்டும். வாங்கி, இறக்கி, பிறகு தூக்கிப் போடும் பழக்கம் இருந்தால் அந்த இறக்குகிற நேரத்தில் உயரமானவன் வந்துவிடுவான்.

மகள் நெட்போல்ல கோல் சூட்டர். பாஸ்கட்போலுக்கு மாறினா அதே மாதிரி விழுமா?

வளையத்தின் உயரம் இரண்டிலும் 3.05 மீட்டர்தான். மணிக்கட்டும் விரலும் பழகிய பழக்கம் அப்படியே வரும். நெட்போலில் பலகை இல்லை, வளையமும் சின்னது. அதில் நேராகப் போடப் பழகிய கை நல்ல கை. ஆனால் அங்கே சூட் எடுப்பது 4.9 மீட்டர் வட்டத்துக்குள்ளே. தடுப்பவள் 0.9 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். பாஸ்கட்போலில் அந்த மரியாதை கிடையாது, தூரமும் கூடுகிறது. முதல் வருடம் உள்ளே, பலகைக்குக் கிட்டப் போடட்டும். தூரம் மெல்ல வரட்டும்.

மாறித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தர்ஜினி சிவலிங்கம் நாற்பது வயதைத் தாண்டியும் இலங்கை நெட்போல் அணியின் சூட்டராக இருந்தார். 2018இலும் 2022இலும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது வளையத்தடியில் நின்றவர் அவர்தான். அவருடைய உயரம் எல்லோருக்கும் வாய்க்காது, உண்மை. ஆனால் உயரம் மட்டும் இருந்து கை இல்லாதவர்களை யாரும் இவ்வளவு காலம் வைத்திருப்பதில்லை.

நுவரெலியாப் பக்கம் பனியும் மழையும். வருசத்துல பாதி நாள் கோர்ட் ஈரம். எப்படிப் பழகுறது?

மே முதல் செப்டெம்பர் வரை நம் மேற்குச் சரிவுகளில் மழை, பதுளைப் பக்கம் வருடக் கடைசியில் மழை. ஈரக் கோர்ட்டில் குதிக்க விடாதீர்கள். கணுக்கால் திரும்பினால் சூட்டரின் வருடமே போய்விடும். கரிகூட 2011-12 சீசனில் கணுக்கால் காயத்தால் 26 ஆட்டம்தான் ஆட முடிந்தது.

மழை நாளில் வளையமே தேவையில்லாத வேலை இருக்கிறது. மல்லாந்து படுத்து ஒற்றைக் கையால் பந்தை நேரே மேலே அனுப்பிப் பிடிப்பது. லயத்து இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், போதுமான இடம் இருக்கும். பந்து முகத்துக்கு நேரே திரும்பி வந்தால் மணிக்கட்டு நேராக வேலை செய்கிறது, பக்கத்தில் விழுந்தால் விரல் சாய்கிறது. அடுத்தது பாத வேலை: தம்பியோ தங்கச்சியோ பந்தை எறிய, வாங்கும்போதே இரு பாதமும் ஊன்றி நிற்பது.

காலைக் குளிரில் பந்தின் காற்றழுத்தம் குறையும், துள்ளலும் குறையும். ஆட்டத்துக்கு முன் பந்தைத் தட்டிப் பார்த்துக் காற்றடியுங்கள். விரலைச் சூடாக்காமல் தூரத்திலிருந்து தொடங்காதீர்கள். விறைத்த விரலில் பந்தின் தொடுகை தெரியாது.

இங்க விழுது. கொழும்புக்கு இன்டோருக்குப் போனா விழல. பயமா?

பயம் கொஞ்சம் இருக்கும். ஆனால் கண்ணும் ஒரு காரணம். நம் கோர்ட்டில் பலகைக்குப் பின்னால் தேயிலை மலை கிட்ட நிற்கிறது. பிள்ளையின் கண் தூரத்தை அதை வைத்தும் அளந்து பழகியிருக்கிறது. சுகததாச உள்ளக அரங்கு போன்ற இடத்தில் பலகை கண்ணாடி, பின்னால் வெறும் வெளியும் ஆட்களும். பந்து குறைந்தோ கூடியோ போகும். தரையும் வேறு. மரத் தரையில் சப்பாத்து பிடிக்கும் பிடிக்கு நம் பிள்ளைகளின் கால் பழகியிருக்காது.

அதோடு, விடியற்காலை பஸ் ஏறி, வளைவு வளைவாக இறங்கி, வாந்தி எடுத்துவிட்டு நேரே ஆடுகிற பிள்ளையிடம் என்ன எதிர்பார்க்கிறோம்? முடிந்தால் முதல் நாளே இறங்கித் தங்குங்கள். முடியாவிட்டால் ஆட்டத்துக்கு முன் வளையத்துக்குக் கிட்ட நின்று பத்துப் பதினைந்து சூட் விழுவதைப் பிள்ளை பார்க்கட்டும். விளிம்பின் முன்பக்கத்தை மட்டும் பார்த்துப் போடச் சொல்லுங்கள், பின்னால் இருப்பது மறையும்.

கடைசிக் குவாட்டர்ல எல்லாமே குறைஞ்சு விழுது. இன்னும் அதிகமா சூட் போட விடணுமா?

குறைந்து விழுவது பெரும்பாலும் கால் களைத்ததன் அடையாளம். தூரத்துச் சூட்டின் பலம் காலிலிருந்துதான் வருகிறது. அதிகமாகப் போட வைத்தால் களைத்த உடம்போடு கெட்ட பழக்கம்தான் ஏறும். அளவாகவும் கவனமாகவும் போடட்டும். சூட்டின் உருவம் மாறத் தொடங்கியதும் நிறுத்துங்கள்.

களைப்புக்குச் சாப்பாட்டையும் பாருங்கள். காலையில் ரொட்டியும் தேத்தண்ணியும், பின்னேரம் பயிற்சிக்கு முன் மறுபடியும் தேத்தண்ணி. தோட்டப் பகுதிப் பிள்ளைகளிடம் ஊட்டக்குறைவும் இரத்தச்சோகையும் இருப்பது தெரிந்த விஷயம். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால், சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தில் ஒரு பகுதி உடம்பில் சேராமல் போகும். தேயிலை வளர்க்கும் ஊரில் இதைச் சொல்வது கஷ்டமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்: ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். பருப்பு, கடலை, முட்டை, நெத்தலி, முருங்கைக்கீரை, கூடவே கொஞ்சம் தேசிக்காய். பிள்ளை எப்போதும் சோர்ந்தே இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு.

தொடர்ந்து அஞ்சாறு தவறுது. போடாதேன்னு சொல்லவா?

பாதம் ஊன்றி, ஆளில்லாமல் கிடைத்த சூட் என்றால் போடட்டும். பெஞ்சிலிருந்து "வேணாம், வேணாம்" என்று கத்தினால் அடுத்த பந்தை வாங்கும்போதே பிள்ளை யோசிப்பான். யோசித்தால் நேரம் போகும், நேரம் போனால் தடுப்பவன் வருவான். நெருக்கடியில் எடுத்த சூட்களாக இருந்தால் அதைத் தனியே கூப்பிட்டு, சத்தமில்லாமல் சொல்லுங்கள்.

3x3ன்னு ஒண்ணு வந்திருக்கே. அது எங்க புள்ளைங்களுக்குச் சரிவருமா?

மிகவும் சரிவரும். அரைக் கோர்ட், ஒரே வளையம், அணிக்கு மூன்று பேர். பத்து நிமிடம், அல்லது முதலில் 21 புள்ளி எடுக்கும் அணிக்கு வெற்றி. மலைச்சரிவில் முழுக் கோர்ட் போட இடமில்லாத நம் பாடசாலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் இல்லை. 2022 பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டில் இலங்கையும் இதில் ஆடியது.

சூட்டருக்கு இன்னொரு லாபம் இருக்கிறது. வழக்கமான ஆட்டத்தில் உள்ளே இரண்டு, வெளியே மூன்று. அதாவது ஒன்றரை மடங்கு. 3x3இல் உள்ளே ஒன்று, வெளியே இரண்டு. அப்படியே இரட்டிப்பு. உள்ளே பாதிக்குப் பாதி போடும் ஒருவனுக்கு ஈடாக வழக்கமான ஆட்டத்தில் சூட்டர் மூன்றுக்கு ஒன்று போட வேண்டும், 3x3இல் நான்குக்கு ஒன்று போதும். ஆனால் சூட் எடுக்க 12 செக்கன்தான். யாரும் ஒளிந்து நிற்க முடியாது, தடுக்கவும் வேண்டும். மேலே சொன்ன இரண்டாவது திறமை இங்கே தானாகப் பழகும்.

ஓ.எல். வருது. ஒரு வருசம் நிப்பாட்டினா எல்லாம் போயிருமா?

போகாது. என்பிஏ சூட்டர் கிளே தொம்சன் 2019 இறுதிப் போட்டியில் முழங்கால் தசைநார் அறுந்து, அது ஆறும் வேளையில் 2020இல் குதிகால் தசைநாரும் அறுந்து, இரண்டு சீசன் முழுவதும் ஆடவில்லை. 2022 ஜனவரியில் திரும்பினார். 2022-23இல் 301 த்ரீ போட்டார், அந்தச் சீசனில் லீக்கிலேயே அதிகம். முன்பு போல வேகமாக ஆளைத் தடுக்க அவரால் முடியவில்லை. கை மட்டும் அப்படியே இருந்தது.

அதனால் பரீட்சை எழுதட்டும். முழுதாக நிறுத்தாமல் கிழமையில் ஒரு நாள் பந்தைத் தொட விட்டால் நல்லது, மனதுக்கும் இளைப்பாறல். திரும்பி வரும்போது பின்தங்கியிருப்பது ஓட்டமும் காலும்தான். அதற்கு ஒன்றிரண்டு மாதம் கொடுங்கள். பரீட்சையை விட்டுவிட்டு ஆடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காரணம் அடுத்த பதிலில்.

இதை வச்சு வேலை, கெம்பஸ் ஏதும் கிடைக்குமா?

கூடைப்பந்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தும் நிலை இலங்கையில் இல்லை. இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியவற்றுக்கு அணிகள் உண்டு, விளையாட்டு வீரர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். கம்பனிகளுக்கு இடையிலான போட்டிகளும் நடக்கின்றன. பல்கலைக்கழக அனுமதியில், தேசிய மட்டத்திலோ அதற்கு மேலோ சிறந்து விளங்கியவர்களுக்குச் சிறப்பு வழி இருக்கிறது. ஆனால் அதற்கும் உயர்தரத்தில் அடிப்படைத் தகுதி வேண்டும். எங்கே போனாலும் சாதாரண தர (ஓ.எல்.) பெறுபேறு கேட்பார்கள். சான்றிதழ்களையும் அணிப் பட்டியலில் பெயர் வந்த கடிதங்களையும் ஒரு கோவையில் போட்டு, மழைத் தண்ணீர் படாத இடத்தில் வையுங்கள். தேவைப்படும் நேரத்தில் தேடினால் கிடைக்காது.

பழக்கின சேர் மாற்றலாகிப் போயிட்டாரு. தோட்டத்து மேல் டிவிசன்ல இருந்து வார புள்ள, கடைசி பஸ்ஸும் பிடிக்கணும். இனி எப்படி?

மலையகத்தில் நல்ல சூட்டர்கள் நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எதிரணி தடுத்து நின்றவர்களை விட, பஸ் இல்லாமல் நின்றவர்களையும் பழக்க ஆளில்லாமல் நின்றவர்களையும்தான் நான் கூடுதலாகப் பார்த்திருக்கிறேன். இதைப் பிள்ளையின் தலையில் கட்ட முடியாது. பெற்றோர் இரண்டு மூன்று பேர் சேர்ந்து அதிபரைப் பாருங்கள். பின்னேரப் பயிற்சிக்குப் பதிலாகக் காலை முதல் மணிக்கு முன் அரை மணித்தியாலம் கோர்ட்டைத் திறந்துவிடக் கேளுங்கள். பஸ் பிரச்சினை அதோடு பாதி தீரும். கூடவே நிற்க ஓர் ஆசிரியரோ பழைய மாணவரோ போதும். அவருக்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

அந்த அரை மணியில் செய்ய வேண்டியது: வளையத்துக்குக் கிட்ட நின்று ஒற்றைக் கையால் கொஞ்சம், பிறகு ஓடி வந்து வாங்கி ஐந்து இடங்களிலிருந்து, கடைசியில் மூச்சு வாங்கும்போதே பத்து ஃப்ரீ த்ரோ. ஒரு கொப்பியில் திகதியும் போட்டதும் விழுந்ததும் எழுதி வரட்டும். புது சேர் வந்ததும் அந்தக் கொப்பியைக் கையில் கொடுங்கள்.